ஊர்காப்பாளரும் ஆர்தர் யங்கின் சீர்திருத்தமும்

மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றி எழுதுவோர் போலீஸ் படையைக் குறித்து இரண்டு எண்களைத் தவறாமல் தருவர். 1948 ஜூன் மாதத்தில் அப்படையின் தொகை ஏறத்தாழ 10,000. நான்கே ஆண்டுகளில், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களையும் சேர்த்து, அது 60,000-ஐக் கடந்தது. இவ்வெண்களைத் தந்த பின், 1952-இல் லண்டன் மாநகரிலிருந்து வந்த ஆர்தர் யங் என்பார் இப்பெரும் படைக்குப் பணிவையும் பண்பையும் கற்பித்தார், மக்கள் மனம் மாறிற்று, போரும் முடிந்தது என்று கதையைச் சுருக்கி முடித்துவிடுவர். இக்கதையில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் யங்கின் சீர்திருத்தத்தில் மிகுந்த பாராட்டைப் பெற்ற பகுதி அதன் சிறந்த பகுதியன்று. அச்சீர்திருத்தம் எட்டாமல் நின்ற எல்லையோ தோட்டப்புறத் தமிழரின் லயத்து வாசலாக இருந்தது. இவ்விரண்டும் ஆராயத்தக்கவை.

இவ்வாராய்ச்சிக்குப் பாலோ ஏற்ற இடம். ஜொகூரின் நடுவில், குளுவாங் வட்டாரத்தில், ரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் அது. வடக்கே பெக்கோக்கும் லாபிசும், தெற்கே சாமெக்கும் நியோரும். இவற்றுக்கு இடையே ரப்பர்த் தோட்டங்கள். தோட்டம் முடிந்த இடத்திற் காடு தொடக்கம். கம்யூனிஸ்டுப் படை நெடுங்காலம் வலிவோடு நின்ற பகுதிகளுள் இது ஒன்று. சிதறிக் கிடந்த குடிகளை முள்வேலிக்குள் குடியேற்றும் பிரிக்ஸ் திட்டம் 1950-இல் ஜொகூரிலிருந்தே தொடங்கிற்று. பாலோவிலும் ஒரு புதுக்கிராமம் எழுந்தது. மலாய்த் திரைப்படக் கலையும் இவ்வூரைப் போலீசாரோடு சேர்த்தே நினைவிற் கொண்டிருக்கிறது. 2003-இல் அட்மான் சாலே இயக்கிய 'பாலோ' என்னும் படம், ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுக்குக் கீழ்ப் பணிசெய்ய நேர்ந்த மலாய்ப் போலீசாரின் மனப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அப்படத்தின் கேள்வி வெறுங் கற்பனையன்று. ஜப்பானியருக்குப் பணிசெய்ததால் மக்களிடம் மதிப்பிழந்து, ஊக்கமும் குன்றி நின்ற படையே 1945-க்குப் பின் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 10,000 என்ற எண்ணை மட்டும் படிப்பவர்க்கு இத்தளர்ச்சி தெரிவதில்லை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். சில நாள்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காவல் வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலுக்கு விடையாகத் திரட்டப்பட்டவரே, தோட்டங்களில் 'எஸ்.சி.' என்று வழங்கப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். சில மாதங்களுக்குள் 20,000-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் மலாய்க்கார இளைஞர்; இந்தியரும் இருந்தனர். அவர்கள் பெற்ற பயிற்சி சில நாள்களோ சில வாரங்களோதான். கையில் துப்பாக்கி கொடுத்து, எதிரே காட்டைக் காட்டி, நிற்க என்று சொல்லியாயிற்று.

மேலிருந்தோர் நிலையும் இதனினும் மேலானதன்று. 1948 ஆகஸ்டில் ஆணையராக வந்த நிக்கல் கிரே, பாலஸ்தீனப் போலீஸ் படையின் தலைவராய் இருந்தவர். அதற்கு முன் கடற்படைச் சிப்பாய்ப் பிரிவைச் சார்ந்த போர்வீரர். அங்கே ஆங்கில ஆட்சி முடிந்து படை கலைந்ததும், அதிலிருந்த சார்ஜண்டுகள் ஏறத்தாழ 500 பேர் மலாயாவுக்கு வந்து சேர்ந்தனர். துணிவு மிக்கவர்கள், மலாய் அறியார், சீனம் அறியார், தமிழும் அறியார். ஒருவன் பேச்சை அறியாதவன் அவனைச் சோதிக்கும்பொழுது கையையும் குரலையுமே நம்புகிறான். ஊரில் போலீசாருக்கு ஏற்பட்ட கெட்ட பெயருக்குத் தனிமனிதர் கொடுமையைவிட இம்மொழிக்குறை பெரிய காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

இந்நிலை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஆண்டுதோறும் வகுப்பில் அவர்கள் கற்பிக்கும் சிலப்பதிகாரத்தில், கொலைக்களக் காதையில், இதே குறையை இளங்கோ முழுமையாகக் காட்டிவைத்திருக்கிறார். பாண்டியன் அவசரத்தில் ஊர்காப்பாளரை அழைத்து ஆணையிடுகிறான். அவர்கள் பொற்கொல்லனோடு சென்று கோவலனைக் காண்கின்றனர். கண்டவுடனே, இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்னும் ஐயம் அவர்களிடையே எழுகிறது. ஐயத்தைப் போக்குபவன் யார்? பொற்கொல்லன்தான். கள்வர்க்கு எட்டுத் துணைகள் உண்டென்று களவு நூலை எடுத்து ஓதுகிறான். இளைஞனாகிய காவலன் ஒருவன், மழையிருளில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றித் தன் அனுபவத்தைச் சொல்கிறான். விசாரணை இவ்வளவே. பேச்சு முடியுமுன் கல்லாதவனும் கள்ளுண்டவனுமாகிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இக்காட்சியை ஊழ்வினை என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட்டு அடுத்த காதைக்குப் போவது வகுப்பறை வழக்கம். அரசனின் ஆராயாமையைக் குறை கூறுவதும் உண்டு. அங்கே நின்ற படையின் அமைப்பை நோக்குவார் அரியர். ஐயுற்றவர்க்கு அதிகாரம் இல்லை. அனுபவம் பெற்றவனுக்கு முன்பு ஏமாந்த அச்சமே அனுபவம். களவு நூலைக் கற்றவனோ காவலன் அல்லன், கள்வன். முடிவைச் செய்பவன் அக்கூட்டத்தில் மிகக் குறைந்த தகுதியுடையவன். இப்படி ஒரு படையை அமைத்தபின் ஊழ்வினைக்கு அதிக வேலை இருந்திராது.

இதே மதுரையின் காவலரை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் காட்டுவதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஊர்காப்பாளர் என்னும் அதே சொல்தான். ஆனால் அவர்கள் நூல்நெறி பிறழாத நுண்ணிய பயிற்சி உடையவர்கள். கள்வர் திரியும் நள்ளிரவில், மழை பொழிந்தாலும், அயராமல் தெருவில் உலவுபவர்கள். ஒரே நகர், ஒரே பெயர், ஒரே பணி. இடையே உள்ள வேறுபாடு நூற்பயிற்சி. மதுரைக்காஞ்சி அரசனுக்கு அறிவுறுத்தும் பாட்டாதலின் புகழ்ச்சி மிகுந்திருக்கலாம் என்று எவரேனும் மறுக்கலாம். மறுக்கட்டும். காவலரைப் புகழ வந்த புலவர் அவர் தொகையைப் புகழாமல் தேர்ச்சியைப் புகழ்ந்தார் என்பது அப்பொழுதும் நிற்கும்.

மீண்டும் 1950-க்கு வருவோம். அவ்வாண்டில் அலெக்சாண்டர் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த குழு மலாயாப் போலீசை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பயிற்சிக் குறையும், போலீஸ் வேலை போர்வேலையாக மாறிவருவதும் அக்காலத்திலேயே அறியப்பட்டவை. ஆனால் எரிகிற வீட்டில் எவரும் அடுப்பைச் சீர்செய்வதில்லை. ஆள் சேர்ப்பதே தொடர்ந்தது. அதே ஆண்டில் பிப்ரவரி 23-இல், ஜொகூரின் மேற்குப் புறத்தில், மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் விடியலில் தாக்கப்பட்டு எரிந்தது. மனைவி மக்களோடு வாழ்ந்த போலீசார் போரிட்டு மடிந்தனர். தொகை பெருகியும், தனித்துக் கிடந்த நிலையங்களில் நின்றவர் சிலரே. ஆளைச் சேர்ப்பது வேறு, சேர்த்த ஆளை எங்கே நிறுத்துவது என்பது வேறு. வள்ளுவர் தெரிந்துதெளிதலை ஓர் அதிகாரமாகவும் தெரிந்துவினையாடலை மற்றோர் அதிகாரமாகவும் வைத்ததற்குப் பொருள் உண்டு. ஆளை ஆராய்வது முன்னது. இவ்வினைக்கு இவன் என்று ஆராய்ந்து ஒப்படைப்பது பின்னது. வலியறிதல் இவ்விரண்டுக்கும் முன்னே நிற்பதையும் மறத்தலாகாது.

கட்டாயச் சேர்ப்பும் முயன்று பார்க்கப்பட்டது. படையில் சீனர் மிகச் சிலரே இருந்தனர். போரின் களமோ பெரும்பாலும் சீனக் குடியிருப்புகள். ஆகவே ஆள்வலிச் சட்டத்தின்கீழ்ச் சீன இளைஞரைக் கட்டாயமாகப் போலீசில் சேர்க்க 1951-இல் ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் சென்றுவிட்டனர். அவர்கள் கோழைகள் என்று அன்று எழுதியவர் உண்டு. குடியுரிமையே உறுதியில்லாத நாட்டில், தன் குடும்பம் முள்வேலிக்குள் அடைபட்டிருக்கையில், அவ்வேலியைக் காக்க முன்வராதவனைக் கோழை என்பது எளிது. ஓர் இனத்தார் படையிற் சேராதபொழுது, சேராதவரை மட்டும் ஆராய்ந்து படையை ஆராயாமல் விடுவது அரைகுறை ஆராய்ச்சி.

1951 அக்டோபர் 6-இல் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குச் செல்லும் வழியிற் கொல்லப்பட்டார். ஆண்டிறுதியில் குடியேற்ற நாட்டு அமைச்சர் லிட்டல்டன் நேரில் வந்து பார்த்தார். கிரே விலக நேர்ந்தது. 1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் உயர் ஆணையராக வந்தார். லண்டன் மாநகரப் போலீஸ் ஆணையராய் இருந்த யங், ஓராண்டளவு இரவலாகப் பெறப்பட்டார். முறையாகப் போலீஸ் தொழிலில் வளர்ந்தவர் அவர். கிரேக்கும் அவருக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

யங் செய்தவற்றுள் பலரும் பேசுவது 1952 டிசம்பரில் தொடங்கிய 'சேவை இயக்கம்'. போலீசார் பொதுமக்களிடம் இன்சொல் பேசவும், சிறு உதவிகள் செய்யவும், தம்மை ஊழியராகக் கருதவும் அது தூண்டிற்று. நல்லதே. ஆனால் இன்சொல்லை ஆணையிட்டு வாங்குதல் கடினம். அதற்கு அடிப்படையாக யங் செய்த வேறொரு செயலே வியக்கத்தக்கது. போர் உச்சத்தில் இருந்தபொழுது, இன்னும் ஆள் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டிருந்தபொழுது, அவர் படையைக் குறைத்தார். தகுதியற்றவரென்று கண்ட ஆயிரக்கணக்கானோரை விடுவித்தார். 10,000 என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். எஞ்சியவரைத் தொகுதி தொகுதியாகக் காவற்பணியிலிருந்து விலக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார். வேலைக்கு ஆள் போதாத நாளில் இருக்கிற ஆளைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். இன்று ஒரு நிலையத்தில் நாலு பேர் பயிற்சிக்குப் போனால் எழும் முணுமுணுப்பை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

உளவுப் பிரிவைக் குற்றப் புலனாய்வுப் பிரிவிலிருந்து பிரித்துத் தனியாக்கியதும் அக்காலத்ததே. பயிற்சியும் மொழியும் அறிந்த சிறு தொகுதி எவ்வளவு செய்யும் என்பதற்குப் பாலோ வட்டாரமும் சேர்ந்த ஜொகூரே பின்னர்ச் சான்றாயிற்று. 1958-இல் தென்மலாயாவின் கம்யூனிஸ்டுத் தலைவராகிய ஹோர் லுங் சரணடைந்தார். அவரைக் கொண்டே உளவுப் பிரிவு காட்டிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒருவர்பின் ஒருவராக வெளியே அழைத்து வந்தது. பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளால் முடியாத காரியம் அது.

இனி, யங்கின் குறை. அவர் தெரிந்துதெளிதலைச் செய்தார்; தெரிந்துவினையாடல் தோட்டத்து வேலியளவில் நின்றுவிட்டது. முறைப் போலீசாருக்குக் கிட்டிய பயிற்சியின் நிழலே எஸ்.சி.க்குக் கிட்டிற்று. சட்டப்படி அவர் அரசின் ஊழியர். நடைமுறையில் அவரது நாள் தோட்டத்து நாளாகவே கழிந்தது. விடியலில் பெரட்டு முடிந்து பால்வெட்டுக்குப் போவோர் வாசலைக் கடக்கையில் அவர் நிற்பார். காட்டிலிருப்போர்க்கு உணவு போகாமல் தடுக்கும் திட்டத்தின்படி, சோறோ அரிசியோ எடுத்துச் செல்வதைச் சோதிப்பது அவ்வாசலில் நடந்தது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போனவர்கள் அச்சோதனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். தோட்டத் தமிழன் அன்றாடம் கண்ட அரசு இதுதான். 'சேவை இயக்கம்' கோலாலம்பூரில் வரையப்பட்டது. அதன் வெற்றியை அளக்க வேண்டிய இடம் இவ்வாசல்.

அளந்தால் கிடைப்பது என்ன என்பதற்கு, தோட்டத்துக்கு வெளியே நிகழ்ந்ததாயினும், 1956-இல் சிலாங்கூரின் செமினியில் எழுந்த முறையீடு ஒரு குறிப்பாகும். உணவுச் சோதனையின்போது பெண்கள் மானக்கேடாக நடத்தப்பட்டனர் என்று கிராமத்தார் முறையிட, அரசு விசாரணைக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. யங் நாடு திரும்பி மூன்றாண்டு ஆகியிருந்தது. அவரையே இதற்குப் பொறுப்பாக்குவது அறமன்று. ஓராண்டளவே தங்கிய ஒருவரின் சீர்திருத்தம், அவர் போனபின் யார் கையில் நிற்கிறது என்பதே கேள்வி. கடைநிலைக் காவலனின் வேலை மாறாதபொழுது அவன் பேச்சு மட்டும் எத்தனை நாள் இனிமையாக இருக்கும்?

எஸ்.சி.யைக் கொடியவராகக் காட்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அவசரகாலத்தில் மலாயாப் படையினரும் போலீசாருமாக இறந்தவர் 1,346 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் போலீசாரே. பயிற்சியின்றி நிறுத்தப்பட்டவன் பிறருக்குத் தீங்காவதற்கு முன் தனக்கே தீங்காகிறான்.

யங்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1954-இல் அவர் கென்யாவுக்கு ஆணையராக அனுப்பப்பட்டார். அங்கே கைதிகளுக்கும் கிக்குயு மக்களுக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளை ஆட்சியாளர் மூடி மறைப்பதைக் கண்டு, ஓராண்டு முடியுமுன்னே பதவியைத் துறந்தார். 1969-இல் வட அயர்லாந்துக்கும் சீர்திருத்தம் செய்ய அனுப்பப்பட்டார். அங்கே, ஒரே மதப் பிரிவினரைக் கொண்டு அமைந்து மக்களின் வெறுப்பைப் பெற்றிருந்த துணைக் காவற்படை 1970-இல் கலைக்கப்பட்டது. மூன்று நாட்டிலும் ஒரே நோய்: அச்சம் வந்தபொழுது அவசரமாகச் சேர்த்த துணைப்படை. கென்யாவில் அவர் துறந்த பதவி, மலாயாவில் அவர் பெற்ற பாராட்டைவிட அவருடைய தரத்தை நன்கு காட்டுகிறது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. ஆனால் படையின் அமைப்பைப் பற்றிய கேள்வி முடியவில்லை. 2004-இல் துன் முகமது ஜைதீன் அப்துல்லா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2005-இல் அது தந்த 125 பரிந்துரைகளுள், போலீசார்மீது எழும் முறையீடுகளை ஆராயத் தனி அமைப்பு வேண்டும் என்பது தலையாயது. அவ்வகை அமைப்பு ஒன்று செயலுக்கு வந்தது 2023 ஜூலையில். அதுவும் தண்டிக்கும் அதிகாரம் இன்றிப் பரிந்துரைக்கும் அதிகாரத்தோடு மட்டும். தடுப்புக் காவலில் இந்திய இளைஞர் இறந்த செய்திகள் இடையே எத்தனை முறை நாளிதழ்களில் வந்தன என்பதைத் தமிழ் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

படையில் சீனரும் இந்தியரும் சிறு விழுக்காட்டினரே என்பதும் பலகாலும் பேசப்படுவது. இந்தியர் விண்ணப்பிப்பதில்லை என்று அதிகாரிகள் கூறுவர். விண்ணப்பித்தாலும் எடுப்பதில்லை என்று நம்மவர் கூறுவர். இரு கூற்றும் காலங்காலமாக ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1951-இல் சீன இளைஞரைப் பற்றி எழுந்த வாதத்தின் மறுபதிப்பே இது. பெற்றோரின் அச்சம் ஒருபுறம், எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழித் தேர்ச்சி குறைந்து நிற்கும் மாணவர் ஒருபுறம், உயர்பதவி கிட்டாது என்ற எண்ணம் ஒருபுறம் என்று காரணங்கள் பல இருக்கலாம். இவற்றுள் மாணவரின் மொழித்தேர்ச்சி ஆசிரியர் கையில் உள்ளது. மற்றவை படையின் கையில் உள்ளன.

பாலோவைச் சுற்றிய தோட்டங்களில் இன்று ரப்பரைவிடச் செம்பனையே கண்ணிற் படுகிறது. தமிழ்க் குடும்பங்கள் பல நகர்ப்புறம் சென்றுவிட்டன. நாட்டின் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மிகுதியாக வேலை செய்கின்றனர். 1948-இல் தமிழறியாத சார்ஜண்டு தமிழன்முன் நின்றதுபோல, இன்று வங்கமொழி அறியாத காவலர் வங்காளதேசத் தொழிலாளிமுன் நிற்கிறார். ஆகவே ஒரு மாவட்டத்துக்கு எத்தனை போலீசார் என்று கேட்பதோடு, அம்மாவட்டத்தில் பேசப்படும் மொழிகளுள் எத்தனை அந்நிலையங்களில் பேசப்படுகின்றன என்றும் கேட்க வேண்டும். ஆளெடுப்பைப் பற்றிய வாதத்துக்கும் இதுவே வழி. ஆண்டுதோறும் எத்தனை இந்தியர் விண்ணப்பித்தனர், எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் நின்றனர், சேர்ந்தவர் பத்தாண்டுக்குப் பின் எந்தப் பதவியில் உள்ளனர் என்னும் மூன்று எண்களையும் படை அச்சிட்டு வெளியிட்டால், தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் அதை வகுப்பிற் காட்டி, எங்கே தடை என்று மாணவனுக்கும் அவன் தந்தைக்கும் சொல்ல முடியும்.